மூன்று நிமிடத் தட்டுக்குள் ஒரு மரபு
அரபுச் செவ்வியல் இசைப் பதிவுகள்: சில மதிப்பீடுகளும் பரிந்துரைகளும்

அரபுக் கவிதையைப் பயிலும் நம் நாட்டு மாணவர்கள் அதனைக் கண்ணால் பயில்கின்றனர். செவியால் பயில்வோர் மிகச் சிலரே. பதினாறு பஹ்ருகளின் வாய்பாடுகளையும் மனனம் செய்து, ஓர் அடியைக் கரும்பலகையில் பிழையின்றி அலகிட்டுக் காட்டும் மாணவன், அதே அடி மனிதக் குரலில் ஒலிக்கும்போது அதன் யாப்பு எதுவெனச் சொல்ல இயலாது திகைத்து நிற்பதை நாம் வகுப்பறையில் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். குறை மாணவனுடையது அன்று. கேட்கும் வாய்ப்பை அவனுக்கு நாம் தரவில்லை.

முப்பதாண்டுகளுக்கு முன்னர், வளைகுடா நாடொன்றில் பணியாற்றி விடுப்பில் வந்த உறவினர் ஒருவர் நமக்கு ஓர் ஒலிநாடாவைக் கொண்டுவந்து தந்தார். படியிலிருந்து படியெடுக்கப்பட்ட நாடா அது. உறையில் எழுத்து எதுவும் இல்லை. முதிர்ந்த பெண் குரல் ஒன்று நெடிய கஸீதா ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தது. சொற்கள் பாதி விளங்கவில்லை. ஆயினும், இன்ன கவிதை என்று அறியும் முன்னரே அதன் பஹ்ர் பஸீத் என்பதை நம் செவி அறிந்துகொண்டது. காரணம் எளியது. இமாம் பூஸீரியின் புர்தாவை நம் இல்லத்துப் பெரியோர் ஓதக் கேட்டு வளர்ந்த செவி அது. பாடியவர் எகிப்தின் உம்மு குல்சூம் என்பதையும், பாடப்பட்டது புர்தாவின் யாப்பிலும் இயைபிலும் அஹ்மத் ஷவ்கீ இயற்றிய ‘நஹ்ஜுல் புர்தா’ என்பதையும் பின்னரே அறிந்தோம். அன்று தொடங்கிய தேடலின் பயனாக, நம் வாசகர்கள் கேட்டுப் பயன்பெறத்தக்க சில பதிவுகளை இங்கு மதிப்பிட முற்படுகிறோம்.

இசைக்கருவிகள் பற்றிய மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருளன்று. ‘ஸமாஉ’ குறித்து அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு நெடியது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் அதற்கெனத் தனியொரு பகுதியையே ஒதுக்கியுள்ளார். அவ்வாய்வை அதற்குரிய இடத்தில் விட்டு, அரபு மொழியும் அதன் இசையும் ஒலிப்பதிவில் எவ்வாறு நமக்கு எஞ்சியுள்ளன என்பதை மட்டுமே ஈண்டு நோக்குவோம்.

தக்த்: ஐவரின் உரையாடல்

ஐரோப்பியச் செவ்வியல் இசையில் சிற்றவை இசை என்றொரு வகை உண்டு. நடத்துநர் இல்லாமல், ஒரு பகுதிக்கு ஒருவர் என்ற அளவில் சிலர் மட்டும் அமர்ந்து, ஒருவரையொருவர் செவிமடுத்து வாசிப்பது அதன் இயல்பு. அரபுலகில் இதற்கு நிகரானது ‘தக்த்’ ஆகும். மேடை, இருக்கை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லே இசைக்குழுவின் பெயராயிற்று. ஊத், கானூன், நை எனப்படும் நாணற்குழல், கமன்ஜா எனப்பட்ட வயலின், தாளத்திற்கு ரிக் எனும் சிறுபறை ஆகியவையே அதன் உறுப்புகள். அனைவரும் ஒரே மெட்டைத்தான் இசைப்பர். எனினும் ஒவ்வொருவரும் தம் கருவிக்கேற்ற அணியுடன், சற்று முந்தியும் பிந்தியும் இசைப்பர். நம் கச்சேரி மேடையில் பாடகரின் ஆலாபனையை வயலின் நிழல்போல் தொடர்வதைக் கேட்டவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

இம்மரபின் மிகப் பழைய சான்றுகள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கெய்ரோவில் பதிவான இசைத்தட்டுகளாகும். அவற்றுள் நாம் முதலிடம் அளிப்பது 1911இல் மறைந்த ஷைக் யூசுஃப் அல்மன்யலாவியின் பதிவுகளுக்கே. சமயப் பாடல்களை ஓதும் முன்ஷிதாகப் பயின்றவர் அவர். சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் அதன் மக்ரஜிலிருந்து வெளிக்கொணரும் பழக்கம் காதற் பாடலைப் பாடும்போதும் அவரை விட்டகலவில்லை. அரபு பயின்றோர் அவர் பாடும் கஸீதாவை எழுதி எடுத்துக்கொள்ள முடியும், அத்துணைத் தெளிவு.

அவருடைய சமகாலத்தவரான அப்துல் ஹய் ஹில்மி (மறைவு 1912) இதற்கு நேர்மாறானவர். ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு, அது எங்குச் சென்று முடியும் என்பதைத் தாமே அறியாதவர்போல் அலைந்து திரிவார். சில தட்டுகளில் பாடல் முடியாமலேயே தட்டு முடிந்துவிடுகிறது. ஒழுங்கை நாடுவோர் மன்யலாவியையும், துணிவை நாடுவோர் ஹில்மியையும் கேட்கலாம். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்பதே சிறந்தது என்பது நம் கருத்து.

அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். ஓர் இரவின் பெரும்பகுதி நீண்ட ‘வஸ்லா’வை, அதாவது கருவியிசை முன்னுரை, முவஷ்ஷஹ், தக்ஸீம், லயாலி, மவ்வால், தவ்ர் எனத் தொடரும் நிகழ்ச்சி முழுவதையும் அதில் அடக்குதல் இயலாது. எனவே ஒரு தவ்ர் பல பக்கங்களாகத் துண்டிக்கப்பட்டது. மேலும், கொம்புக்குழாயின்முன் நின்று பாடிய அக்காலத்தில் கானூன் ஓரளவு தெளிவாகவும், ரிக் மங்கலாகவும் பதிவாயிற்று. ஆயினும் இத்தட்டுகளில் ஒரு வியப்பு உண்டு. பாடகர் ஓர் அழகிய வளைவை முடித்ததும் பின்னாலிருந்து ‘அல்லாஹ்!’ என்ற பாராட்டொலி எழுகிறது. பதிவறையில் அவையோர் எவரும் இல்லை. வாத்தியக்காரர்களே அவையோராகவும் மாறிக் குரல் கொடுக்கின்றனர். கேட்பவரின் மறுமொழி இன்றேல் பாடகரின் உள்ளம் எழாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ‘தரப்’ என்று அரபுமொழி குறிக்கும் அந்த உணர்வெழுச்சி பாடகரின் உடைமையன்று. அவருக்கும் கேட்பவருக்கும் இடையே பிறப்பது. இக்கட்டுரையில் பதிவுகளை நாம் எடைபோடும் அளவுகோலும் இதுவே. ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு மறுமொழி தருவது நம் காதில் விழுகிறதா? விழுமாயின் இரைச்சலையும் சிதைவையும் பொறுத்துக்கொள்ளலாம்.

1932: பதிவுகளின் மாநாடு

அரபு இசைப் பதிவுகளைப் பற்றிப் பேசும் எவரும் 1932ஆம் ஆண்டைக் கடந்து செல்ல முடியாது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், மன்னர் முதலாம் ஃபுஆதின் ஆதரவில், கெய்ரோவின் கீழைத்தேய இசைக் கழகத்தில் அரபு இசை மாநாடு கூடியது. இதற்கு வித்திட்டவர், ஃபாராபியின் ‘கிதாபுல் மூஸீக்கல் கபீர்’ எனும் பெருநூலைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுவந்த பரோன் ருடோல்ஃப் டெர்லாங்கர். நோயுற்றிருந்த அவரால் மாநாட்டிற்கு வர இயலவில்லை, அவ்வாண்டிலேயே காலமானார். மொராக்கோ முதல் இராக் வரையிலான இசைக்குழுக்கள் வந்தன. துருக்கியிலிருந்து ரவூஃப் யக்தா பே போன்ற அறிஞர்களும், ஐரோப்பாவிலிருந்து பேலா பார்டோக், பவுல் ஹிண்டமித் ஆகிய இசையமைப்பாளர்களும், குர்ட் ஸாக்ஸ், ஹென்றி ஜார்ஜ் ஃபார்மர் முதலிய ஆய்வாளர்களும் கலந்துகொண்டனர்.

மாநாட்டின் குழுக்கள் பல பொருள்களில் உடன்பாடு காணவில்லை. அவற்றின் அறிக்கைகளை இன்று ஆய்வாளர் அன்றி வேறெவரும் படிப்பதில்லை. ஆனால் ராபர்ட் லாக்மன் தலைமையிலான ஒலிப்பதிவுக் குழு ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் நிறுவனத்தின் துணையுடன் பதிவுசெய்த நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகள் நிலைத்துவிட்டன. மிகச் சில படிகளே அச்சான அத்தட்டுகள் நெடுங்காலம் நூலகங்களில் உறங்கிக் கிடந்தன. 2015இல்தான் பிரான்சின் தேசிய நூலகமும் அபுதாபியின் பண்பாட்டுத் துறையும் இணைந்து 18 குறுவட்டுகளாக அவற்றை வெளியிட்டன. துனிசியாவின் மாலூஃப், திலிம்ஸானின் அந்தலூஸ் மரபு, மவ்லவிய்யா, லைஸிய்யா தரீக்காக்களின் திக்ர், கிப்திகளின் தேவாலய இசை என ஓர் இசையுலகமே அதனுள் அடங்கியுள்ளது.

இத்தொகுப்பைப் புகழும்போது அதன் குறையையும் சொல்லுதல் வேண்டும். லாக்மனின் குழு, மேலைத்தேயச் சாயல் படிந்தவை என்று தான் கருதியவற்றை ஒதுக்கித் ‘தூய’ மரபை மட்டுமே தேடியது. அன்றைய கெய்ரோ மக்கள் திரையரங்கிலும் வானொலியிலும் ஆவலுடன் கேட்கத் தொடங்கியிருந்த புதிய பாடல்களுக்கு அதில் இடமில்லை. அருங்காட்சியகத்திற்குப் பொருள் தேர்பவரின் பார்வை அது. ஆயினும் அப்பார்வை இல்லாதிருந்தால் இவற்றுள் பல நமக்குக் கிடைத்திரா என்பதும் உண்மையே.

பியானோவின் வழக்கு

அம்மாநாட்டில் சூடான விவாதத்திற்கு உள்ளான பொருள் பியானோ என்பது இன்றைய வாசகர்க்கு வியப்பளிக்கலாம். அரபு இசையின் ராஸ்த், பயாத்தீ முதலிய மகாம்களில் மேலைச் சுரவரிசையின் இரு சுரங்களுக்கு இடையே நிற்கும் சுரங்கள் உள. அவற்றுள் முதன்மையானது ஸீகாஹ். அதன் நிலை ஊருக்கு ஊர் மாறும். துருக்கியர் அதனைச் சற்று உயர்த்திப் பாடுவர், எகிப்தியர் தாழ்த்திப் பாடுவர். தேர்ந்த பாடகர் ஒருவரே ஏறும்போது ஒருவிதமாகவும் இறங்கும்போது ஒருவிதமாகவும் தொடுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீகாயீல் மிஷாகா விளக்கிய கணக்கின்படி, ஒரு ஸ்தாயியை 24 சமமான கால்சுரங்களாகப் பகுத்துவிட்டால் பியானோவிலும் அரபு இசையை வாசிக்கலாம் என்று எகிப்திய உறுப்பினர் பலர் வாதிட்டனர். கால்சுரப் பியானோக்களும் மாநாட்டின் முன் வைக்கப்பட்டன. ஐரோப்பிய உறுப்பினர் பலரோ பியானோ நுழைந்தால் அரபு இசையின் உயிரே போய்விடும் என எதிர்த்தனர். ஐரோப்பியர் மரபைக் காக்க, அரபியர் புதுமையை நாடிய விந்தையான காட்சி அது.

எகிப்தியரின் நிலைப்பாட்டை எளிதில் நகைத்து ஒதுக்கிவிட முடியாது. தம் நாட்டின் இசை உலகின் முன் நிகராக நிற்கவேண்டும் என்னும் வேட்கை அதில் இருந்தது. பிறருடைய அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக இருக்க அவர்கள் மறுத்தனர். எனினும், செவியின் தீர்ப்பு வேறாக உள்ளது. லெபனானின் அப்துல்லாஹ் ஷாஹீன் பின்னாளில் கால்சுரப் பியானோவில் தக்ஸீம் வாசித்துப் பதிவுசெய்தார். அறிவார்வத்தோடு ஒருமுறை கேட்கத்தக்க பதிவு அது. சுரங்கள் சரியான இடத்தில்தான் உள்ளன, கைவிரைவும் உண்டு. ஆனால் தட்டிய கணமே தேயத் தொடங்கும் பியானோவின் ஒலி ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்திற்கு வழுக்கிச் செல்ல அறியாது. ஸீகாஹ் எங்கு நிற்கவேண்டும் என்பதை வாசிப்பவர் முடிவுசெய்வதில்லை. சுருதி சேர்த்தவர் முன்னமே முடிவுசெய்துவிட்டார்.

இதனை அடுத்து ஸாமி அஷ்ஷவ்வாவின் (மறைவு 1965) வயலின் தக்ஸீம் ஒன்றைக் கேட்குமாறு பரிந்துரைக்கிறோம். வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. ஆயினும் அதன் கழுத்தில் கட்டைகள் இல்லை. விரல் எங்கு வேண்டுமானாலும் அமரும். அரபியர் அதன் தந்திகளின் சுருதியையும் தம் மரபிற்கேற்ப மாற்றிக்கொண்டனர். மூன்று நிமிடத்திற்குள் ஒரு மகாமின் வாயிலைத் திறந்து, உள்ளே அழைத்துச் சென்று, மீண்டும் வாயிலில் கொண்டுவந்து விடுகிறார் ஷவ்வா. அந்நியக் கருவி என்பதால் ஒன்று கெடுவதில்லை, செவிக்குக் கட்டுப்படாதபோதே கெடுகிறது என்பதை இவ்விரு பதிவுகளும் கேட்ட அளவில் உணர்த்திவிடும்.

பக்தாதின் குரல்

1932ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒன்றை மட்டுமே கேட்க நேரமுடையோர் இராக்கின் முஹம்மத் அல்குப்பான்ஜியைக் கேட்பாராக. இராக்கிய மகாம் என்பது சுரவரிசை மட்டுமன்று. இன்ன இடத்தில் தொடங்கி, இன்ன படிகளில் ஏறி, இன்ன குரலெழுப்பலுடன் இறங்கவேண்டும் என வாய்வழியாகக் கற்பிக்கப்படும் முழுமையான பாடல்முறை. குப்பான்ஜி அக்கட்டுக்கோப்பை ஏற்றுக்கொண்டே அதனுள் தம் தனித்தன்மையை நிறுவுகிறார். உச்சக்குரலில் அவர் அழைக்க, ஸாலிஹ் ஷுமைய்யிலின் ஜோஸாவும், யூசுஃப் பத்தாவின் சந்தூரும், யூசுஃப் ஸஅரூரின் கானூனும், அஸ்ஸூரியின் ஊதும் முறைவைத்து மறுமொழி கூறுகின்றன. முன்னர் நாம் குறித்த அளவுகோலுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

இக்குழுவின் வாத்தியக்காரர்கள் யாவரும் பக்தாதின் யூதர்கள், பாடகர் முஸ்லிம். அன்று அது எவரும் எடுத்துப் பேசத்தக்க செய்தியாக இருக்கவில்லை; பக்தாதின் இசை அவ்வாறே இருந்தது. அஸ்ஸூரி 1930களின் நடுவில் ஜெருசலத்தில் குடியேறினார். 1950-51இல் இராக்கிய யூதர்கள் பெருந்தொகையினராக நாட்டை விட்டு வெளியேறியபோது அவர்களுடன் வாத்தியக்காரர் பலரும் சென்றனர். பாடகர்கள் ஓரிடத்திலும் பக்கவாத்தியக்காரர்கள் வேறிடத்திலுமாகப் பிரிந்தனர். இதைப் பதிவுசெய்த லாக்மனின் கதையும் வேறன்று. யூதர் என்பதால் 1933இல் பெர்லினில் பதவி இழந்து, 1935இல் ஜெருசலம் சென்று, 1939இல் அங்கேயே மறைந்தார். அரசுகளும் போர்களும் பிரித்த மனிதர்கள் இத்தட்டில் இன்னும் ஒன்றாக அமர்ந்து வாசிக்கின்றனர். இதனைக் கேட்கும்போதெல்லாம் இசையைப் பற்றி மட்டும் சிந்திக்க நம்மால் இயல்வதில்லை.

உம்மு குல்சூம்: மூன்று வாயில்கள்

கிராமத்து இமாமின் மகளாய்ப் பிறந்து, சிறுவயதில் குர்ஆன் ஓதப் பயின்று, ஷைக் அபுல் உலா முஹம்மதிடம் கஸீதாவின் நுட்பங்களைக் கற்றவர் உம்மு குல்சூம் (மறைவு 1975). அவரது நூற்றுக்கணக்கான பதிவுகளுள் எங்குத் தொடங்குவது என்று நம்மிடம் கேட்போருக்கு மூன்றைக் குறிப்பிடுவது வழக்கம்.

முதலாவது, அஹ்மத் ராமியின் சொற்களுக்கு முஹம்மத் அல்கஸப்ஜி இசையமைத்த ‘இன் குன்த் அஸாமிஹ்’ (1928). தட்டின் குறுகிய அளவைக் குறையாகக் கருதாமல் அதற்கெனவே செதுக்கப்பட்ட இசை இது. இளங்குரலின் ஒளியும் சிறுகுழுவின் நெருக்கமும் இதில் உண்டு.

இரண்டாவது, ரியாளுஸ் ஸுன்பாத்தி இசையமைத்த ஷவ்கீயின் கஸீதாக்கள்: ‘ஸலூ கல்பீ’, ‘வுலிதல் ஹுதா’, ‘நஹ்ஜுல் புர்தா’. அரபு பயிலும் மாணவர்க்கு நாம் முதலில் பரிந்துரைப்பது இவற்றையே. ஸுன்பாத்தியின் இசை சொல்லைத் தாண்டிச் செல்வதில்லை. மத்து நீள வேண்டிய இடத்தில் இசையும் நீள்கிறது; வக்ஃபு செய்ய வேண்டிய இடத்தில் இசையும் நிற்கிறது. இஃராபை அறிந்து பாடுபவர், அறியாமல் பாடுபவர் என்னும் வேறுபாடு இங்கே துலக்கமாகிறது. பொருளுணர்ந்த பாடகர் ஓர் அடியை நான்கு முறை பாடும்போது நான்கு பொருள்நிழல்கள் தோன்றுகின்றன. விரிவுரையாளர் ஒருவர் ஒரு மணிநேரம் செய்ய முயல்வதும் இதையே.

மூன்றாவது, மருத்துவரும் கவிஞருமான இப்ராஹீம் நாஜியின் சொற்களில் 1966இல் அரங்கேறிய ‘அல்அத்லால்’. இதன் மேடைப் பதிவுகளையே நாடவேண்டும். பதிவறைப் பதிவு போதாது. அவையோர் ஆர்ப்பரிக்கின்றனர், அவர் அதே அடிக்குத் திரும்புகிறார், ஆனால் வேறு வழியாகத் திரும்புகிறார். மன்யலாவியின் தட்டில் வாத்தியக்காரர் நால்வர் எழுப்பிய பாராட்டொலியை இங்கே ஓர் அரங்கமே எழுப்புகிறது.

எனினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. 1960களுக்குள் சிறுகுழு பெருங்குழுவாகிவிட்டது. வயலின் வரிசை எழுதிவைத்த மெட்டை ஒரே அச்சில் வாசிக்கிறது. கானூனின் தனிக்குரல் இடைவெளிகளில் மட்டுமே மேலெழுகிறது. ஒரு காலத்தில் அவருக்குப் புத்திசை படைத்த கஸப்ஜி, 1966இல் மறையும் வரை அப்பெருங்குழுவில் ஊத் வாத்தியக்காரர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தார். அப்பதிவுகளில் அவருடைய ஊதைத் தேடிச் செவி சாய்க்கிறோம்; பெரும்பாலும் அகப்படுவதில்லை. பாடகிக்கும் அவைக்கும் இடையிலான உரையாடல் வளர்ந்தது. மேடையில் இருந்தவர்களிடையே நிகழ்ந்த உரையாடல் தேய்ந்தது.

தனித்த ஊத்

குழுவும் அவையும் அகன்ற பின்னர் எஞ்சுவது என்ன என்பதற்கு விடையாக இராக்கின் முனீர் பஷீரைக் (மறைவு 1997) குறிப்பிடலாம். அவர் பாடகருக்குத் துணைபோகும் நிலையிலிருந்து ஊதை விடுவித்து, தனிக்கச்சேரிக் கருவியாக உலக மேடைகளில் அமர்த்தினார். 1980களின் இறுதியில் வெளிவந்த அவரது பாரிஸ் கச்சேரிப் பதிவு நம் விருப்பத்திற்குரியது. ஒலியைப் போலவே மௌனத்தையும் அவர் அளந்து வழங்குகிறார். சிலபோது அம்மௌனம் அளவுக்கு மீறிய கம்பீரத்தைப் பூண்டுகொள்கிறது. பழைய தக்தின் குறும்பும் சிரிப்பும் அங்கில்லை. கேட்போர் கைதட்டக் காத்திருக்கின்றனர். இடையில் குரல் கொடுப்பதில்லை. ஐரோப்பிய அரங்கின் ஒழுங்கு அரபுத் தக்ஸீமின் மீது படிந்த சாயலை அதில் காண்கிறோம். இதை இழப்பு என்று மட்டும் சொல்ல மனம் ஒப்பவில்லை. புதியதொரு உள்முகத்தன்மை அதில் பிறந்திருக்கிறது.

நிறைவாக

இப்பதிவுகள் ஒருகாலத்தில் எட்டாக்கனியாக இருந்தன. இன்று நிலைமை மாறியுள்ளது. 2009இல் லெபனானில் தோன்றிய அரபு இசை ஆவண ஆய்வு நிறுவனமான ‘அமார்’, மன்யலாவியின் பதிவுகளைப் பத்துக் குறுவட்டுகளாக வெளியிட்டது; பிற பழந்தட்டுகளையும் தேடிப் பாதுகாத்து வருகிறது. வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை: இரைச்சலை முற்றும் நீக்கியதாக விளம்பரப்படுத்தும் மறுபதிப்புகளைத் தவிர்ப்பது நலம். இரைச்சலோடு நையின் மூச்சும் ஸீன், ஸாத் எழுத்துகளின் கூர்மையும் நீங்கிவிடுகின்றன.

கேட்கும் முறை குறித்து ஒரு சொல். ‘நஹ்ஜுல் புர்தா’வின் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் தாமே உரக்கப் படிக்கவேண்டும். பின்னர் பதிவைக் கேட்கவேண்டும். மூன்றாம் முறை பாடத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்கவேண்டும். சென்ற சில ஆண்டுகளாக யாப்பு வகுப்பில் நாம் இம்முறையைக் கையாண்டு வருகிறோம். தொடக்கத்தில் தயங்கிய மாணவர் ஒருவர் மூன்றாம் முறை கேட்டு முடித்ததும், “ஹஸ்ரத், இது எங்க வீட்டுப் புர்தா மாதிரியே போகுதே” என்றார். முப்பதாண்டுகளுக்கு முன்னர் உறையில் எழுத்தற்ற அந்த நாடாவைக் கேட்டு நாம் அடைந்ததும் அதுவே. அன்று அவ்வகுப்பில் கரும்பலகையில் எதனையும் எழுதவில்லை.